பதிலுக்கு நாள் குறித்தல்: இணைய விவாதங்களில் ஆள்வோரின் இடம்

இன்றைய அரசியல் தலைவர்கள் இணையத்தில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திறப்பு விழாப் படம், பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல் செய்தி, எதிர்த்தரப்புக்குக் கண்டனம் என நாள் தவறாமல் ஏதாவது ஒன்று அவர்கள் பெயரில் வெளியாகிக்கொண்டே இருக்கிறது. அதன் கீழே ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனதை ஒருவர் சொல்கிறார். புதிய விதி தன் தொழிலை எப்படி முடக்கும் என்று இன்னொருவர் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். பதில் வருவதில்லை. மக்கள் கூடிப் பேசும் இடங்களுக்குத் தலைவர்களை வரவைப்பது எப்படி என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, அவர்களை ஊக்கப்படுத்த வேண்டும் என்பது: பயன்களை எடுத்துச் சொல்லலாம், பயிற்சி தரலாம், நல்ல முன்மாதிரிகளைப் பாராட்டலாம். இது போதாது என்பது என் வாதம். ஆட்சியில் இருப்பவர் ஒரு விவாதத்தில் பங்கெடுக்கிறார் என்பதற்கு அடையாளம் அவர் அங்கே எவ்வளவு பேசுகிறார் என்பதில் இல்லை. விவாதம் தொடங்குவதற்கு முன்பே, இன்ன நாளுக்குள், இன்ன பொறுப்பில் உள்ளவர், காரணத்தோடு பதில் தருவார் என்று அவர் உறுதி கொடுத்திருக்கிறாரா என்பதில் இருக்கிறது. அந்த உறுதி இருந்த இடங்களுக்குத் தயங்கிய துறைகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. அது இல்லாத இடங்களில், நன்றாக நடந்த விவாதங்கள்கூட நாளடைவில் வற்றிப்போயிருக்கின்றன.

தலைவர்களின் தயக்கத்தை ஆணவம் என்றோ சோம்பல் என்றோ ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தத் தயக்கத்துக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜெனிஃபர் ஸ்ட்ரோமர்-கேலி 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 1996, 1998 தேர்தல்களில் வேட்பாளர்கள் தங்கள் இணையதளங்களை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தார். அன்றைக்கே வாக்காளரோடு நேருக்கு நேர் உரையாடும் வசதி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வேட்பாளர்கள் அதைத் தொடவில்லை. ஒலி, ஒளிக் காட்சிகளையும் கருத்துக்கணிப்புப் பெட்டிகளையும் வைத்து உரையாடலின் சாயலை மட்டும் உண்டாக்கிக்கொண்டார்கள். அவர் கண்ட காரணங்கள் மூன்று. பதில் எழுத ஆளும் நேரமும் வேண்டும். பேச்சு எந்தத் திசையில் போகும் என்பது கையை மீறிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எதையும் திட்டவட்டமாகச் சொல்லாமல் எல்லோரையும் தன் பக்கம் வைத்திருக்கும் வசதி பறிபோகும். கால் நூற்றாண்டு கடந்தும் இந்தப் பட்டியலில் மாற்றம் தேவைப்படவில்லை. மூன்றும் உண்மையான இழப்புகள். ஒரு தலைவர் தனியாளாக இவற்றைச் சுமக்க முன்வரமாட்டார். ஆகவே அவர் மனத்தை மாற்றுவதைவிட அந்த இழப்பைக் குறைப்பதே செய்ய வேண்டிய வேலை. சுமையைப் பகிர ஆள் வேண்டும், விவாதம் கைமீறாத அமைப்பு வேண்டும், தெளிவாகப் பேசுவது இழப்பாக அல்லாமல் வரவாக மாறும் சூழல் வேண்டும்.

கடைசியில் சொன்னது நடக்கக்கூடியதா என்ற சந்தேகத்துக்கு ஒரு நல்ல ஆய்வு பதில் தருகிறது. மைக்கேல் நெப்லோ, கெவின் எஸ்டெர்லிங், டேவிட் லேசர் என்ற மூன்று அறிஞர்கள் 2006இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரை அவரவர் தொகுதி மக்களோடு இணையவழியில் சந்திக்க வைத்தார்கள். எடுத்துக்கொண்ட பொருள் குடியேற்றக் கொள்கை. யாரும் நழுவத் துடிக்கும் பொருள் அது. பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை உறுப்பினரோடு பேசவைத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குப் படிக்கக் குறிப்புகள் மட்டும் கொடுத்தார்கள். 2008இல் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த அமெரிக்க செனட்டர் கார்ல் லெவினுடன், காவலில் வைக்கப்படும் பயங்கரவாதச் சந்தேக நபர்கள் பற்றி, அதைவிடப் பெரிய கூட்டம் ஒன்றும் நடந்தது. கேள்விகள் வடிகட்டப்படவில்லை, திரும்ப வரும் கேள்விகளும் வசையும்தான் நீக்கப்பட்டன. உறுப்பினரோடு பேசியவர்களுக்கு அந்தப் பொருளைப் பற்றிய அறிவு கூடியிருந்தது. உறுப்பினர் மீதான நம்பிக்கையும் கூடியது. அவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பும் அதிகமானது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் முடிவு வேறொன்று. இப்படிப்பட்ட கூட்டத்துக்கு வர விரும்பியவர்கள் யார் என்று பார்த்தபோது, அரசியலில் ஊறித் திளைத்தவர்களைவிட, வழக்கமான கட்சி அரசியலில் வெறுப்புற்று ஒதுங்கியிருந்தவர்களே அதிக ஆர்வம் காட்டினார்கள். மக்களுக்கு அரசியல் விவாதத்தில் நாட்டமில்லை என்ற பொதுவான எண்ணம் அங்கே அடிபடுகிறது. பதில் கிடைக்கும் என்று தெரிந்தால் ஒதுங்கியவர்களும் வருகிறார்கள். 2018இல் வெளியான இவர்களுடைய நூல் இந்த முடிவுகளை விரிவாக வைக்கிறது. ஆனாலும் இது ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய சோதனை. ஆய்வு முடிந்ததும் கூட்டங்களை நடத்த அங்கே யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை.

ஒரு நாட்டின் அரசு இதை நடைமுறையாக்கிய கதைக்குத் தைவானுக்குப் போக வேண்டும். சீனாவுடனான சேவை வணிக ஒப்பந்தத்தைச் சரியான பரிசீலனை இல்லாமல் நிறைவேற்ற முயன்றதை எதிர்த்து, 2014 மார்ச் 18 அன்று மாணவர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அமர்ந்தார்கள். மூன்று வாரங்களுக்கும் மேலாக நீடித்த அந்தச் சூரியகாந்தி இயக்கத்தின்போது, கவ்-ஜீரோ என்ற தன்னார்வ நிரலாளர் அமைப்பு உள்ளே நடந்ததை வெளியே நேரலையாகக் காட்டியது. அரசின் மீதான நம்பிக்கை குலைந்திருந்த அந்த ஆண்டின் இறுதியில், அமைச்சர் ஜாக்லின் சாய் கவ்-ஜீரோவினர் கூடிய நிகழ்வுக்கு நேரில் போய், நாட்டு மக்கள் எல்லோரும் நிதானமாக விவாதிக்கக்கூடிய ஒரு மேடையை உருவாக்கித் தரும்படி கேட்டார். நீதிபதியாகவும் பின்னர் ஐபிஎம் நிறுவனத்தின் சட்டப் பிரிவிலும் பணியாற்றியவர் அவர், கட்சிக்காரர் அல்லர். அப்படிப் பிறந்ததுதான் வி-தைவான். மேடை அரசுக்குச் சொந்தமில்லை, தன்னார்வலர்கள் நடத்துவார்கள். எந்தப் பொருள் விவாதத்துக்கு வருகிறதோ அந்தத் துறை அங்கே வந்து கேள்விகளுக்குக் குறித்த நாட்களுக்குள் பதில் தர வேண்டும். இந்த ஏற்பாட்டில் அமைச்சர் விட்டுக்கொடுத்தது மேடையின் மீதான பிடியை. எடுத்துக்கொண்டது பதில் சொல்லும் கடமையை. தலைவர்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிரானது: மேடையைத் தங்களுடையதாக வைத்துக்கொண்டு பதிலை விருப்பத்துக்கு விட்டுவிடுவார்கள்.

2015இல் வந்த ஊபர் விவகாரம் இந்த ஏற்பாட்டுக்குக் கடும் சோதனை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தைவானுக்குள் நுழைந்த அந்த நிறுவனம், தன்னைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு டாக்சிச் சட்டங்களுக்குள் வர மறுத்தது; டாக்சி ஓட்டுநர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். விவாதத்துக்குப் பயன்பட்டது, அமெரிக்காவின் சியாட்டிலில் உருவான போல்.இஸ் என்ற மென்பொருள். அதில் யார் வேண்டுமானாலும் ஒரு கருத்தை ஒரு சிறு வாக்கியமாக எழுதலாம். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், கடந்து போகலாம். மறுமொழி எழுத இடமே கிடையாது. இந்த ஒரு தடை விவாதத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. வசைக்கு வசை எழுத முடியாத இடத்தில் வசைபாடுபவருக்கு வேலையில்லை. ஒரே மாதிரி வாக்களித்தவர்களைக் கணினி குழுக்களாகப் பிரித்து வரைபடமாகக் காட்டும். தன் குழு எது, எதிர்க்குழு எவ்வளவு பெரியது என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். தொடக்கத்தில் ஊபர் ஆதரவாளர் ஒரு பக்கமும் டாக்சி ஆதரவாளர் எதிர்ப்பக்கமுமாக இரண்டாகப் பிளந்து நின்றார்கள். வாரங்கள் செல்லச் செல்ல, எதிர்க்குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டுமென்றால் எப்படி எழுத வேண்டும் என்று மக்கள் பழகினார்கள். பயணிகளுக்குக் காப்பீடு வேண்டும், ஓட்டுநர்களுக்கு உரிமம் வேண்டும், வரி கட்டப்பட வேண்டும், டாக்சித் துறையும் தன் சேவைத் தரத்தை உயர்த்திக்கொள்ள இது ஒரு வாய்ப்பு என்பன போன்ற கருத்துகள் குழுக்களைத் தாண்டி ஒப்புதல் பெற்றன. அதன் பிறகுதான் அதிகாரிகள், ஊபர் நிறுவனத்தினர், டாக்சி சங்கத்தினர், அறிஞர்கள் ஆகியோர் ஒரே மேசையில் உட்கார்ந்து நேரலையில் பேசினார்கள். பொதுவில் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்துகளே அங்கே நிகழ்ச்சிநிரல். ஒவ்வொன்றுக்கும் என்ன நிலைப்பாடு என்று எல்லோரும் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. 2016இல் அரசு அந்தக் கருத்துகளின் அடிப்படையில் விதிகளை வகுத்தது. செயலிவழி இயங்கும் புதிய வகை டாக்சிகளுக்கு வழி பிறந்தது. சச்சரவு அத்தோடு முடிந்துவிடவில்லை. உயர்த்தப்பட்ட அபராதங்களுக்குப் பின் 2017 பிப்ரவரியில் ஊபர் சேவையை நிறுத்தியது, ஏப்ரலில் உரிமம் பெற்ற வாடகை வாகன நிறுவனங்களோடு சேர்ந்து திரும்பி வந்தது. ஆனால் அரசின் கையில், எந்தத் தரப்பும் எளிதில் மறுக்க முடியாத ஒரு பொது நிலைப்பாடு இருந்தது. ஸ்ட்ரோமர்-கேலி சொன்ன மூன்றாவது பயம் இங்கே தலைகீழாகிறது. தெளிவாகப் பேசியதால் அமைச்சகத்துக்கு ஆதரவு குறையவில்லை. பேசுவதற்கு ஒரு தரை கிடைத்தது.

அதே 2015இல் தைவான் அரசு ஜாயின் என்ற தன் சொந்தத் தளத்தையும் தொடங்கியது. அங்கே ஒரு கோரிக்கை ஐயாயிரம் கையொப்பம் பெற்றால் சம்பந்தப்பட்ட அமைச்சகம் பொதுவில் விரிவாகப் பதில் எழுதியாக வேண்டும். 2016 அக்டோபரில் அமைச்சரான ஆட்ரி டாங், தான் நடத்தும் சந்திப்புகளின் உரையாடல் முழுவதையும் எழுத்தில் வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். இதற்குப் புகழ் அதிகம். எனக்கு அதைவிடப் பெரிய செயலாகத் தெரிவது ஒவ்வோர் அமைச்சகத்திலும் பங்கேற்பு அலுவலர் என்ற பொறுப்பை ஏற்படுத்தியது. இணையத்தில் என்ன பேசப்படுகிறது என்று பார்ப்பது, யார் பதில் சொல்ல வேண்டும் என்று கண்டறிவது, அந்தப் பதிலை வாங்கித் தருவது இவர்களின் வேலை. 2017 மே மாதம், வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் மென்பொருள், குறிப்பாக மேக் கணினிகளில், பயன்படுத்தவே முடியாத அளவு மோசமாக இருக்கிறது என்று ஒரு வடிவமைப்பாளர் கடுமையான சொற்களில் ஜாயின் தளத்தில் எழுதினார். நிதி அமைச்சகத்தின் பங்கேற்பு அலுவலர் அவரைத் தேடிப்பிடித்து, குறை சொன்னவர்கள் எல்லோரும் வாருங்கள், அடுத்த ஆண்டுக்கான மென்பொருளைச் சேர்ந்து வடிவமைப்போம் என்று அழைத்தார். பயிலரங்குகள் நடந்தன, மறு ஆண்டு புதிய முறை வந்தது. ஓர் அமைச்சர் தானே உட்கார்ந்து ஆயிரம் கருத்துக்குப் பதில் எழுத வேண்டியதில்லை என்பதற்கு இது சான்று. சுமையைத் தாங்க ஒரு பதவி இருந்தால் போதும். ஆனால் அந்தப் பதவிக்கு, துறைக்குள்ளே கதவைத் தட்டி விடை கேட்கும் அதிகாரம் இருக்க வேண்டும். செய்தித் தொடர்பு அலுவலரை அந்த இடத்தில் உட்கார வைத்தால் நமக்கு இன்னும் கொஞ்சம் அறிக்கைகள் கிடைக்கும், அவ்வளவுதான்.

வி-தைவானை வெற்றிக் கதையாக மட்டும் சொல்பவர்கள் அதன் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே வந்த விவாதங்களை அரசு ஏற்றுச் செயல்பட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆர்வமுள்ள அமைச்சர் இருந்தவரை துறைகள் வந்தன. நாளடைவில் பொருள்களை அனுப்புவது குறைந்தது, தன்னார்வலர்களும் களைத்தார்கள்; 2018க்குப் பிறகு முன்பிருந்த வேகம் அதற்கு இல்லை. பதில் சொல்வதை விதியாக்கிய ஜாயின் தளமோ ஆள் மாறியும் அரசின் அன்றாட வேலையாக நிலைத்தது. நுட்பத்தில் வி-தைவானே மேம்பட்டது, நீடித்தது ஜாயின். ஐஸ்லாந்தின் அனுபவம் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. 2008 நிதிச் சரிவுக்குப் பிறகு புதிய அரசியலமைப்பை எழுத 25 பேர் கொண்ட மன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. 2011இல் சில மாதங்கள் அவர்கள் வரைவை அவ்வப்போது இணையத்தில் வெளியிட்டு மக்களிடமிருந்து சுமார் 3,600 கருத்துகளைப் பெற்றார்கள்; மன்ற உறுப்பினர்களே நேரடியாகப் பதில் எழுதினார்கள். விவாதத்தின் தரத்தில் குறை காண்பது கடினம். 2012 அக்டோபரில் நடந்த ஆலோசனை வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வரைவையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்றார்கள். ஆனால் அதை நிறைவேற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருந்தது. நாடாளுமன்றக் கட்சிகளின் தலைவர்கள் அந்த உரையாடலில் எதற்கும் உறுதி கொடுத்திருக்கவில்லை. 2013 வசந்தத்தில் அவை கலைந்தபோது வரைவு அப்படியே நின்றுபோனது. மக்களோடு பேசியவர்களிடம் சாவி இல்லை. சாவி வைத்திருந்தவர்கள் பேசவில்லை. பதில் தரும் உறுதி என்று நான் சொல்லும்போது, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் தரும் உறுதியையே குறிக்கிறேன்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு ஜனநாயகப் பற்றாளர்களிடமிருந்தே வருகிறது. அதிகாரம் உள்ளவர் கூட்டத்துக்குள் நுழைந்தாலே பேச்சு கோணிவிடும். சிலர் புகழ்வார்கள், சிலர் அஞ்சி அடங்குவார்கள், மீதிப்பேர் அவரைத் திட்டுவதையே விவாதமாக்குவார்கள் என்கிறார்கள். சரியான கவலை. குழு முடிவுகள் எப்படிக் கெடுகின்றன என்று ஆராய்ந்த உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல் தந்த பரிந்துரைகளில் ஒன்று, தலைவர் தன் விருப்பத்தைத் தொடக்கத்தில் சொல்லக் கூடாது என்பது. 1962இல் கியூபா ஏவுகணை நெருக்கடியின்போது அதிபர் கென்னடி தன் ஆலோசகர் குழுவின் சில கூட்டங்களிலிருந்து வேண்டுமென்றே விலகி நின்றதை அவர் எடுத்துக்காட்டினார். என் வாதம் இதற்கு முரணானதல்ல. கேள்வியை முன்வைக்கும்போதும், பதில் சொல்லும்போதும் தலைவர் இருக்க வேண்டும். இடைப்பட்ட காலம் மக்களுக்கு உரியது. ஊபர் விவாதத்தில் நடந்ததும் இதுவே. அதோடு, தலைவர் இல்லாத விவாதம் சமமான விவாதம் என்று நினைப்பதும் தவறு. தமிழ்நாட்டுக் கிராம சபைக் கூட்டங்களின் பேச்சுகளை எழுத்தாக்கி ஆராய்ந்து, ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. பெண்கள் பேசுவது குறைவாக இருந்தது. பேசினாலும் அவர்கள் எழுப்பிய பொருள் தொடர்ந்து பேசப்படுவதும், அதிகாரிகளிடமிருந்து அதற்குப் பொருத்தமான பதில் கிடைப்பதும் ஆண்களுக்கு நடப்பதைவிடக் குறைவு. ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் பெண்களின் குரலுக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. யாருக்குப் பதில் கிடைக்கிறது என்பதைத் தலைமை தீர்மானிக்கிறது. தலைமை விலகிக்கொண்டால் பழைய ஏற்றத்தாழ்வுதான் அந்த இடத்தை நிரப்பும்.

இரண்டாவது மறுப்பு வசை பற்றியது. அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் இந்தியப் பெண் அரசியல்வாதிகள் 95 பேரைக் குறிப்பிட்டு எழுதப்பட்ட ட்விட்டர் பதிவுகளை அம்னெஸ்டி இண்டர்நேஷனல் ஆராய்ந்தது. ஏழில் ஒன்று இழிவானதாகவோ பிரச்சினைக்குரியதாகவோ இருந்தது. இஸ்லாமியப் பெண்களுக்கு வந்தவை இன்னும் மோசம். இந்தச் சேற்றுக்குள் இறங்கிப் பேசுங்கள் என்று ஒரு பெண் மேயரையோ கவுன்சிலரையோ அழைப்பது நியாயமல்ல. ஆனால் வசை எங்கும் ஒரே அளவில் விளைவதில்லை. நட்டாலி ஜோமினி ஸ்ட்ரவுட்டும் அவருடைய குழுவினரும் ஓர் அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சியின் ஃபேஸ்புக் பக்கத்தில் நடத்திய சோதனையில், அறிமுகமான செய்தியாளர் ஒருவர் தன் பெயரோடு வந்து மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பதிவுகளில் நாகரிகமற்ற கருத்துகள் குறைந்தன. நிலையத்தின் பெயரில், ஆள் அடையாளமில்லாமல் பதில் சொன்னபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எதிரே ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற உணர்வே மொழியைத் திருத்துகிறது. போல்.இஸ் போன்ற அமைப்புகள் மீதி வேலையைச் செய்கின்றன. திறந்தவெளிச் சமூக ஊடகத்தில் தலைவர்கள் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டு, வரையறுத்த பொருள், வரையறுத்த காலம், நடத்துநர் என்று உள்ள இடத்தில் பதில் கேட்பதுதான் முறை.

சத்தம் போடுகிறவர்களுக்கு அடிபணிவதா ஆட்சி என்பது மூன்றாவது கேள்வி. தேர்ந்தெடுக்கப்பட்டவர் தன் அறிவைப் பயன்படுத்த வேண்டும். இணையத்தில் கூட்டம் சேர்ப்பது பணமுள்ளவர்களுக்கு எளிது. இரண்டும் உண்மை. பதில் சொல்வதும் பணிவதும் ஒன்றல்ல என்பதைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும். தைவானின் தென்முனையில் உள்ள ஹெங்சுன் பகுதி மக்கள், பெரிய மருத்துவமனை வெகுதூரத்தில் இருப்பதால் அவசர நோயாளிகளைக் கொண்டுசெல்ல ஹெலிகாப்டரை ஊரிலேயே நிறுத்த வேண்டும் என்று ஜாயின் தளத்தில் கேட்டார்கள். அமைச்சகங்களும் ஊர் மக்களும் சேர்ந்து உட்கார்ந்து ஆராய்ந்தபோது, ஹெலிகாப்டரைவிட உள்ளூர் மருத்துவமனையை வலுப்படுத்துவதே உயிர்களைக் காக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை, கேள்விக்குப் பதில் கிடைத்தது. பணபலத்துக்கு எதிரான சான்று இந்தியாவிலேயே இருக்கிறது. இணையக் கட்டணப் பாகுபாடு பற்றி 2015 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஒரு கலந்தாய்வுத் தாளை வெளியிட்டபோது, ஃபேஸ்புக் தன் ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்தை ஆதரித்து லட்சக்கணக்கான பயனாளர்களை ஒரே மாதிரி மனுவை அனுப்ப வைத்தது. தாளில் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இவை விடையளிக்கவில்லை என்று ஆணையம் வெளிப்படையாகச் சொன்னது. எண்ணிக்கையை வைத்து எடை போட மறுத்தது. 2016 பிப்ரவரி 8 அன்று பாகுபாட்டுக் கட்டணத்தைத் தடை செய்து, ஏன் அப்படி முடிவெடுத்தது என்ற விளக்கத்தையும் சேர்த்தே வெளியிட்டது. காரணத்தோடு பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடமை இருக்கும்போது, கூட்டத்தின் அளவைவிட வாதத்தின் கனம் மேலே வருகிறது.

இணைய வசதி இல்லாதவர்களின் நிலை என்ன என்ற கேள்விக்கு இணையத்துக்குள் விடை இல்லை. ஊர்க்கூட்டத்தின் இடத்தில் இணையத்தை வைத்தால் ஏழைகளும் முதியவர்களும் வெளியே நிற்பார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்த கேள்வி என்ன ஆயிற்று என்று யாரும் எப்போதும் பார்க்கக்கூடிய பதிவேடாக இணையத்தை வைப்பதுதான் சரி.

இந்தியாவில் இதற்கான விதிகள் அறவே இல்லாமல் இல்லை. சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் பொதுவில் வைத்து, வந்த கருத்துகளின் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று மத்திய அரசு 2014இல் கொள்கை வகுத்தது. அது கொள்கை மட்டுமே, சட்டமல்ல. தனிநபர் தரவுப் பாதுகாப்பு வரைவு 2022 நவம்பரில் வந்தபோது, பெறப்படும் கருத்துகள் வெளியிடப்படமாட்டா என்று அமைச்சகம் முன்கூட்டியே அறிவித்தது. அதே நாட்டில் ட்ராய் தனக்கு வரும் கருத்துகளையும், அவற்றுக்கு மற்றவர்கள் எழுதும் எதிர்க்கருத்துகளையும் வெளியிட்டு வருகிறது. 2015இல் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்து வெளியிட்டுக் கண்டனத்துக்கு ஆளானதும் உண்டு. வெளிப்படைத்தன்மைக்கும் தனியுரிமைக்கும் இடையே கவனம் தேவை என்பதற்கு அது பாடம். இரண்டு நடைமுறைகளுக்கும் உள்ள வேறுபாடு ஆட்களின் குணத்திலிருந்து வரவில்லை. ட்ராய் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்று அதன் சட்டமே சொல்கிறது.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூடுகிறது. 2021 அக்டோபர் 2 அன்று மதுரை மாவட்டம் பாப்பாபட்டியின் கிராம சபையில் முதலமைச்சர் கலந்துகொண்டது நல்ல தொடக்கமாகவே பேசப்பட்டது. ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகளுக்கு எந்த முதலமைச்சராலும் போக முடியாது. பதில் மட்டுமே எல்லா ஊருக்கும் போக முடியும். மதுக்கடையை அகற்றக் கோரும் தீர்மானங்கள் இங்கே ஊர் ஊராக, ஆண்டுக்காண்டு நிறைவேறியிருக்கின்றன. அவற்றின் மீது முடிவெடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவரிடம் இல்லை. ஆனால் மக்களுக்கு முகம் கொடுத்து நிற்பவர் அவர் ஒருவரே. கிராம சபைத் தீர்மானம் ஒவ்வொன்றும் இணையத்தில் ஏற வேண்டும். அதன் மீது முடிவெடுக்கக்கூடிய துறை எது, அதிகாரி யார் என்பது பக்கத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த கிராம சபை கூடும் நாளுக்குள் அவர் ஏற்கிறார் அல்லது மறுக்கிறார் என்பது காரணத்தோடு, அவர் கையொப்பத்தோடு அங்கே வர வேண்டும். அந்தப் பதில் அன்றைய கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்கப்படவும் வேண்டும். இதற்குப் புதிய மென்பொருளோ பெரும் செலவோ தேவையில்லை. கெடு நாட்கள் ஏற்கெனவே நாட்காட்டியில் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தின் கீழ் விதி வகுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் தொடங்கிய பகுதி சபைகளுக்கும் இதையே விரிக்கலாம். முதல் ஆண்டில் வரும் பதில்களில் பாதி, பரிசீலனையில் உள்ளது என்ற ஒற்றை வரியாகவே இருக்கக்கூடும். அப்படியானால் எந்தத் துறை அந்த வரியை எத்தனை முறை எழுதியது என்பது முதல்முறையாகப் பொதுவில் தெரியவரும். சட்டமன்றத்தில் அந்தத் துறையின் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வரும்போது, உறுப்பினர்கள் கையில் அந்தப் பட்டியல் இருக்கும்.